ஜன்னலோர சீட்டும் நாலு கட்சியும்

எனக்குக் கோவம் சட்டுன்னு வரும். இதை முதல்லயே சொல்லிடறேன். காலங்காத்தால ரயில் ஏறும்போது வர்ற கோவம் அதுல தனி ரகம். வண்டி மாரிகுப்பத்துல கிளம்பும்போதே பாதி ரொம்பிடும். நான் ஏறுற கோரமண்டல் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள மிச்ச இடத்துலயும் துண்டு, பேப்பர், சாப்பாட்டுப் பைன்னு மனுஷனுக்கு முன்னாடி சாமான் உக்காந்திருக்கும். பெங்களூர் போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். பதினோரு வருஷமா நான் நின்னுக்கிட்டே போறேன், நின்னுக்கிட்டே வர்றேன். நடுவுல புத்தகம் பைண்டிங் பண்ற எடத்துல வேலை, அங்கயும் நாள் பூரா நிக்கணும்.

போன வருஷம் வலது முட்டி மடக்கினா கடக்குனு சத்தம் போட ஆரம்பிச்சுது. டாக்டர் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "நிக்கறதைக் குறைச்சுக்கங்கம்மா"ன்னாரு. "அதை ரயில் பெட்டிக்கு எழுதிக் குடுங்க டாக்டர்"னு சொல்லிட்டு வந்தேன். அவரு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

இந்த வருஷம்தான் எங்க பெட்டியில ஒரு ஜன்னலோர சீட்டு காலியாச்சு.

எங்க பெட்டியில சீட்டுங்கறது சொத்து. தினம் போறவங்க நாங்க ஒரு கூட்டம். யார் எங்க உக்காரணும்னு எழுதாத சட்டம் இருக்கு. ஜன்னலோரம் உக்காந்துட்டு வந்த பெரியவர் ரிடையர் ஆயிட்டாரு. மாலை போட்டு, கேக்கு வெட்டி, அவரை அனுப்பி வச்சோம். மறுநாளே அந்த இடத்து மேல நாலு பேர் கண்ணு விழுந்துச்சு. நாலு பேருமே வருஷக்கணக்கா நிக்கறவங்க. ஒருத்தர் லேத் ஆபரேட்டர், அதிகம் பேச மாட்டாரு. இன்னொருத்தர் பெங்களூர்ல பெரிய அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி, அவரு பேசாம இருந்து நான் பாத்ததில்ல. மூணாவது ஒரு நர்ஸ், எல்லாருக்கும் சிஸ்டர். நாலாவது நான்.

பஞ்சாயத்து பண்றதுக்கு எங்ககிட்ட ஒரு நடுவர் இருக்காரு. காலேஜ் லேப்ல அட்டெண்டர். இருபது வருஷமா பியூரெட்டு கழுவி, கழுவி, தன்னையும் விஞ்ஞானின்னு நினைச்சுக்கிட்டிருக்கார். மாரிகுப்பத்துல முதல் ஆளா ஏறி எல்லாருக்கும் துண்டு போடறதே அவருதான், அதனால அவரு பேச்சுக்கு மரியாதை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நாங்க பெட்டிக்கு வாழைக்கன்னு கட்டி, சந்தனம் பூசி, பொரிகடலை குடுக்கறது வழக்கம். பூஜை முடிஞ்சதும் பட்டிமன்றம். போன வருஷத் தலைப்பு, காலையில வயித்துக்கு நல்லது இட்லியா, உப்பிட்டுன்னு நாங்க சொல்ற உப்புமாவா. கைகலப்பு ஆகாத குறை.

இந்த வருஷம் பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடியே நடுவர் கையைத் தூக்கிச் சொன்னாரு. "கரியும் பெட்ரோலும் தீந்துபோனா உலகத்தை எது ஓட்டும்? இதான் தலைப்பு. நிக்கற நாலு பேரும் பேசுங்க. ஜெயிக்கறவங்களுக்கு ஜன்னல் சீட்டு."

டிபன் டப்பா மூடியில நாலு துண்டுச்சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினாரு. லேத்துக்காரருக்குச் சூரியன். செக்யூரிட்டிக்குக் காத்து. சிஸ்டருக்குத் தண்ணி. எனக்கு வந்தது அணு.

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எங்க ஊர்ல போய் அணுவுக்கு வக்காலத்து வாங்கறதா? ஒரு காலத்துல, அணுக்கழிவை மூடிப்போன நம்ம தங்கச் சுரங்கத்துல கொண்டாந்து கொட்டப் போறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பி, ஊரே தெருவுல வந்து நின்னுச்சு. அந்தக் கூட்டத்துல நானும் தொண்டை கட்டற அளவுக்குக் கத்தியிருக்கேன். இப்ப அதே வாயால ஒரு சீட்டுக்காக எப்படிப் பேசறது?

வீட்டுல சொன்னா, என் வீட்டுக்காரரு ஆட்டோவைத் துடைச்சுக்கிட்டே, "எந்தக் கட்சியும் வேணாம், நீ வாயைத் திறந்தா வர்ற சூட்டுல நாலு ஊருக்குக் கரண்ட்டு எடுக்கலாம்"னாரு. "முதல்ல உங்க ஆட்டோவுல வர்ற புகையைப் பாருங்க"ன்னேன். ஆனாலும் மனுஷன் ராத்திரி முட்டிக்குத் தைலம் தேச்சு விட்டாரு. "எப்படியாவது அந்த சீட்டை வாங்கிடு, உனக்கு அது வேணும்"னு மெதுவா சொன்னாரு. பரிகாசம் பண்றவங்க கரிசனமா பேசினா தாங்கறதில்ல.

ஒரு வாரம் போன்ல அணுவைப் பத்திப் படிச்சேன். தலைக்குள்ள ஒண்ணும் ஏறல. கடைசி நாள், துணி மடிக்கும்போது எங்கப்பா நினைப்பு வந்துச்சு. எங்கப்பா நந்திதுர்க் சுரங்கத்துல வைண்டிங் டிரைவர். அதாவது ஷாப்டுல, சுரங்கத்துக்குள்ள நேரா இறங்கற ஆழக் குழியில, கேஜை இறக்கி ஏத்தற பெரிய மெஷினை ஓட்டறவரு. கேஜுன்னா ஆளுங்க ஏறிப் போற இரும்புக் கூண்டு. அவரு வேலையப் பத்தி ஒரு பேச்சு அடிக்கடி சொல்லுவாரு. சின்ன வயசுல எனக்குப் புரிஞ்சதே இல்ல. அன்னிக்கு, கையில பாவாடையோட, திடீர்னு புரிஞ்சுது. மடிச்ச துணியெல்லாம் கீழ போட்டுட்டு ஒரு தடவ குதிச்சேன். முட்டி கடக்குன்னுது. போடா போன்னேன்.

மறுநாள் பெட்டி ஜோரா இருந்துச்சு. வாழை இலை ஃபேன்ல பட்டுப் படபடன்னு அடிக்குது, பத்தி வாசனை, பொரி காலடியில நொறுங்குது. பங்காருப்பேட்டையில ஏறின கூட்டம் அடங்கினதும், நடுவர் டிபன் டப்பாவை மடியில கவுத்து வச்சு ஸ்பூனை எடுத்தாரு. எங்களுக்கு மணி கிடையாது, அந்த ஸ்பூன்தான். அதுலயும் சுரங்கத்துச் சட்டம். கேஜுக்குத் தட்டி சிக்னல் குடுக்கறது பழைய பழக்கம். ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு தட்டு தட்டினா, நில்லு. மூணு தட்டு தட்டினா, ஆள் ஏறுது, பாத்துப் போ. எங்க பெட்டியில பாதிப் பேரு அந்தத் தட்டைக் கேட்டு வளந்தவங்க பிள்ளைங்க. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாச்சு, ஆனா ஒரு தட்டு கேட்டா எங்க வாய் தானா மூடிக்கும்.

முதல்ல சூரியன். லேத்துக்காரரு தொண்டையைக் கனைச்சு, "உலகத்துக்கே வெளிச்சம் குடுக்கற..."ன்னு ஆரம்பிச்சாரு. எல்லாரும் ஜன்னலைப் பாத்தோம். வெளியில கும்மிருட்டு.

"இன்னாய்யா, உங்க தலைவரு இன்னும் எழுந்திருக்கலையா?"ன்னு செக்யூரிட்டி கேட்டதும் பெட்டியே அதிருது. லேத்துக்காரரு காது வரைக்கும் சிவந்துட்டாரு. பாவம், ஆனா விடல. தன் வீட்டு மாடியில வெந்நீர்த் தொட்டி வச்ச கதைய சொன்னாரு. அப்பறம் சைனைடு மேட்டுக்கு வந்தாரு. தங்கத்தை எடுத்துட்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி எங்க ஊர் நடுவுல மலையா நிக்குதே, அதான். அங்க புல்லு பூண்டு சரியா முளைக்காது. "அது மேல பூரா சோலார் தகடு பரப்புங்க. எதுவும் முளைக்காத மண்ணுல கரண்ட்டு முளைக்கட்டும்"னாரு. கைத்தட்டல்னா அப்படி ஒரு கைத்தட்டல். பேசாத மனுஷன் பேசினா இப்படித்தான் பேசுவான் போல.

அவரு இன்னும் சூடு பிடிச்சு, "ஆகவே கரியை ஒழிக்க..."ன்னு கையைத் தூக்கினாரு. டொங்குன்னு ஒரு தட்டு. அப்படியே நின்னுட்டாரு. தூக்கின கை தூக்கினபடி. நாங்களும் கப்சிப்.

நடுவர் ஸ்பூனைக் காட்டி, "நான் தட்டலைய்யா! பேசுங்க!"ங்கறாரு. பாத்தா, டீக்காரர் கேன்ல ஒரு தட்டு தட்டிட்டு நிக்கறாரு. "இன்னா எல்லாரும் என்னையே பாக்கறீங்க? டீ வேணுமா வேணாமா?" சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி. வேற எந்த ஊர் ரயில்லயும் இது நடக்காது.

அடுத்து காத்து. செக்யூரிட்டி எடுத்த எடுப்புலயே, "காத்து மாசத்துல அந்த மேட்டு மண்ணு எங்க போகுது? உங்க வீட்டு சாம்பார்ல! எங்க வீட்டுத் தலகாணியில! அவ்ளோ மண்ணைத் தூக்கற காத்துக்கு ஒரு காத்தாடியைச் சுத்தறதா கஷ்டம்?"னு பிடிச்சாரு. நல்ல பாயிண்ட்டு. அதோட விட்டிருக்கலாம். ஓடற வண்டியில காத்தோட பலத்தைக் காட்டறேன்னு கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டினாரு. எழுதி வச்சிருந்த பேப்பரு அந்தக் கையிலதான் இருந்துச்சு. போயே போச்சு. டேக்கல் பக்கம் எந்தப் பாறை இடுக்குல கிடக்குதோ. அப்பறம் ரெண்டு நிமிஷம் வெறும் "ஆகவே, ஆகவே"தான். "அவரு கட்சியே அவரைக் கவுத்துடுச்சு"ன்னு சிஸ்டர் என் காதுல சொன்னாங்க.

சிஸ்டர் முறை வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டாங்க. "பெங்களூர்க்காரன் விளக்குத் திரியை நிமிண்டிக்கிட்டு இருந்தப்பவே, காவேரித் தண்ணியில கரண்ட்டு எடுத்து, அத்தனை தூரம் கம்பி இழுத்து, நம்ம ஊருக்குக் குடுத்தாங்க. தண்ணி போட்ட பிச்சைய்யா நம்ம வெளிச்சம்!" விசில் பறந்துச்சு. எந்தக் கட்சியா இருந்தாலும் இதுக்கு மட்டும் எங்க ஊர்ல எல்லாரும் கை தட்டிடுவோம். நானும் தட்டினேன், எதிர்க்கட்சின்னு மறந்துட்டு. "மழை இல்லேன்னா இன்னா பண்ணுவீங்க சிஸ்டர்?"னு செக்யூரிட்டி கேட்டாரு. "ஆஸ்பத்திரி பக்கம் வாங்க, ஊசி போடறேன்"னாங்க.

கடைசியா நான். முட்டி அதுக்குள்ள வீங்கிப் போயிருந்துச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "நான் அணுக்கட்சியிலிருந்து விலகிட்டேன்"னு சொன்னேன்.

"இன்னாம்மா இது, மேடையில ஏறிட்டுக் கட்சி மாறுறீங்க?"ன்னாரு நடுவர்.

"நம்ம நாட்டுல இது புதுசா அண்ணே?"

அதுக்கு விழுந்த சிரிப்புல அவராலயும் மறுக்க முடியல. நான் விடாம பேசினேன். "சூரியன் நல்லவருதான், ஆனா பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிடறாரு. காத்து நினைச்சா வருது, நினைச்சா போகுது. நாம விளக்கு போடறது எப்ப? சாயங்காலம். அதுக்கு இன்னா வழி? நம்ம ஷாப்டு இருக்கே! எங்கப்பா வைண்டிங் டிரைவர். அவரு சொல்லுவாரு, கேஜை ஏத்தும்போது கரண்ட்டு வாங்கறோம், பாரம் இறங்கும்போது மெஷின் கரண்ட்டைத் திருப்பிக் குடுக்குதுன்னு. அப்பப் புரியல, இப்பப் புரியுது. பகல்ல சூரியன் குடுக்கற கரண்ட்டுல பெரிய பெரிய பாறாங்கல்லை ஷாப்டுல மேல தூக்கி வைங்க. சாயங்காலம் மெல்ல இறக்குங்க. இறங்க இறங்கக் கரண்ட்டு வரும். உலகத்துல வேற எவன்கிட்ட இருக்கு இவ்ளோ ஆழமான ஷாப்டு? தங்கம் தீந்துபோச்சு, ஊரு முடிஞ்சுதுன்னாங்களே, ஆழம் தீந்துபோச்சா?"

ஓரமா நின்ன ஒரு வயசான பென்ஷன்காரரு "சரியாச் சொன்னேம்மா"ன்னாரு. அவரு கண்ணு கலங்கியிருந்ததைப் பாத்ததும் எனக்கும் கலங்கிடுச்சு.

செக்யூரிட்டி விடுவாரா? "ஷாப்டு பூரா தண்ணி ரொம்பிக் கிடக்குதே, அதுக்கு?"

"ஏன், தண்ணியில கல்லு முழுகாதா?"

உடனே சிஸ்டர் கையைத் தூக்கி, "தண்ணின்னா அது என் கட்சி! அந்த ஷாப்டை எனக்குக் குடுத்துடுங்க!"ன்னாங்க. அஞ்சு நிமிஷம் யார் பேசறாங்கன்னே தெரியல. நடுவர் டப்பாவை ஒடிச்சுடற மாதிரி ஒரு தட்டு தட்டினாரு.

மாலூரு தாண்டிக்கிட்டிருந்தோம். அப்பதான் சூரியன் எழுந்துச்சு. ஜன்னல் வழியா நேரா வந்து லேத்துக்காரரு முகத்துல விழுந்துச்சு. எல்லாரும் "வந்துட்டாருய்யா தலைவரு!"ன்னு கூவினோம். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, என் சீட்டு போச்சுன்னு.

நடுவர் தீர்ப்பு சொன்னாரு. "கோரமண்டலம்மா பேச்சுதான் இன்னிக்கு முதல் தரம். ஆனா அவங்க சொன்னது சக்தி இல்ல. அது டிரம்மு. குழாயில தண்ணி வர்றப்ப நாம பிடிச்சு வைக்கறமே, அந்த டிரம்மு. டிரம்முல தண்ணி ஊறாது. தலைப்பு, எது ஓட்டும்ங்கறது. அதனால கணக்குல சேத்துக்க முடியாது."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "டிரம்மு இல்லாம எங்க தெருவுல ஒரு வாரம் குடித்தனம் பண்ணிக் காட்டுங்க அண்ணே, அப்பறம் தீர்ப்பு சொல்லுங்க!" பொம்பளைங்க அத்தனை பேரும் கைத்தட்டினாங்க. நடுவர் தலையைச் சொறிஞ்சாரு, ஆனா தீர்ப்பை மாத்தல. சூரியன் ஜெயிச்சுது. லேத்துக்காரரு ஜன்னலோரம் போய் உக்காந்தாரு. உக்காந்ததும் அவரு முதல்ல பாத்தது என் முட்டியை. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். எனக்கு அழுகை வந்தா யாருக்கும் காட்டறது பிடிக்காது.

அன்னிக்கு பைண்டிங் ஆபீஸ்லயும் பூஜை. சாமிக்குக் கற்பூரம் காட்டும்போதுகூட, மனசுக்குள்ள டிரம்மாம், டிரம்முன்னு திட்டிக்கிட்டேதான் இருந்தேன். சாயங்காலம் லீவு கூட்டம் வேற. மெஜஸ்டிக்ல பஸ்ஸை விட்டு இறங்கி நொண்டி நொண்டி ஸ்டேஷன் போறதுக்குள்ள வண்டி எடுக்கற நேரம். படிக்கட்டுலயே ஆளுங்க தொங்கறாங்க. சிஸ்டர் கையைக் குடுத்து என்னை உள்ள இழுத்துக்கிட்டாங்க. காலையில கட்டின வாழைக்கன்னு வாடித் தொங்குது, அதுக்கு அடியில கூட்டம் நெருக்கித் தள்ளுது. மூணு மணி நேரம் நின்னாலும் நிக்கறோம், எவன்கிட்டயும் கேக்கறதில்லன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

டொங், டொங், டொங்.

மூணு தட்டு. பெட்டியில இருந்த ஆளுங்க தானா ஒதுங்கினாங்க, யாரும் சொல்லாமலே. வழி விட்டதுல பாத்தா, லேத்துக்காரரு ஜன்னல் சீட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருக்காரு. கையில டிபன் டப்பா, ஸ்பூனு. சீட்டுல அவரு துண்டு விரிச்சிருந்துச்சு. அவரு வேலை சீக்கிரம் முடிஞ்சுடும், வண்டி வந்து நின்னதுமே ஏறிப் பிடிச்சு வச்சிருக்காரு.

"வாங்கம்மா, உக்காருங்க"ன்னாரு.

"எனக்கு யாரு தர்மமும் வேணாம். தீர்ப்பு சொல்லியாச்சு, சீட்டு உங்களுது"ன்னேன் வெடுக்குன்னு.

அவரு குரலை ஒசத்தவே இல்ல. "பகல்ல ஓட்டறதுதாம்மா என் கட்சி. பொழுது சாஞ்சா நான் ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டேன்னு நீங்கதானே எல்லார் முன்னாடியும் சொன்னீங்க? காலையில நான் உக்காறேன். சாயங்காலம் உங்க ஷாப்டு. இனிமே தினமும் இப்படித்தான்."

நான் நடுவரைப் பாத்தேன். அவரு எதிர் சீட்டுல உக்காந்துக்கிட்டு, தன் தீர்ப்பு பாதி கவுந்ததே தெரியாத மாதிரி மீசையைத் தடவிக்கிட்டு, "விஞ்ஞானப்படி சரிதான்"னாரு. சிஸ்டரும் செக்யூரிட்டியும் ரெண்டு பக்கமும் என் கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. பதினோரு வருஷத்துல முதல் தடவையா அந்த வண்டியில நான் ஜன்னலோரம் உக்காந்தேன். முட்டியை நீட்டினதும் கடக்குன்னுது. அப்பறம் வலி மெல்ல இறங்கிச்சு. எனக்கு அழுகை வந்துச்சு, இந்தத் தடவ முகத்தைத் திருப்பிக்கல.

லேத்துக்காரரு இன்னும் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. எதுக்குன்னு ஒரு நிமிஷம் கழிச்சுதான் உறைச்சுது. ஆள் ஏறுதுன்னு கீழ மூணு தட்டு தட்டினா, மேலேர்ந்து மூணு தட்டு பதில் வரணும். பதில் வராம கேஜு அசையக் கூடாது. எங்கப்பா ஆயுசு பூரா அந்தப் பதிலுக்கு அப்பறம்தான் லீவரைத் தொட்டாரு, அத்தனை பேரையும் பத்திரமா மேல கொண்டாந்து வீட்டுக்கு அனுப்பினாரு.

வளையலைத் தள்ளிவிட்டுக்கிட்டு ஜன்னல் கம்பியில மூணு தட்டு தட்டினேன். வண்டி கிளம்புச்சு.